சமையலறைக் கதவைத் திறந்துவைத்த மய்யா: ஹோட்டல் சுத்தத்தை யார் சோதிப்பது?

2025 பிப்ரவரி. கர்நாடகாவில் இட்லி எப்படி வேகிறது என்று உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் 251 இடங்களில் போய்ப் பார்த்தார்கள். அதில் 52 இடங்களில், இட்லித் தட்டில் துணிக்குப் பதிலாக பிளாஸ்டிக் தாள் விரித்திருந்தது. ஆவிச் சூட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து வேதிப்பொருள் மாவுக்குள் இறங்கிவிடும் என்பதால், மாநில அரசு அந்தப் பழக்கத்துக்குத் தடை போட்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த இட்லியை அதுவரை சாப்பிட்டவர்கள் யாருக்கும் இது தெரியவில்லை. தெரியவும் வாய்ப்பில்லை. தட்டில் வந்து விழும்போது துணியில் வெந்த இட்லியும் பிளாஸ்டிக்கில் வெந்த இட்லியும் ஒரே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் உள்ளே, அடுப்பங்கரையில். அங்கே நம்மை யாரும் கூப்பிடுவதில்லை.

லிங்கராஜபுரம் மேம்பாலத்துக்குக் கீழே காலை ஏழு மணிக்கு இட்லி வாங்குகிறவருக்கும், அதே தெருவில் ஏதோ ஒரு வீட்டின் தரைத்தளத்தில் சமைத்ததை ராத்திரி பதினொரு மணிக்கு ஆப் வழியாக வரவழைத்துச் சாப்பிடுகிறவருக்கும் நிலைமை ஒன்றுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்காக யாரோ பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கையில் சாப்பிடுகிறோம். அந்த யாரோ யார்? அவர் எப்போது வருகிறார், வந்தால் எதைப் பார்க்கிறார்?

இதே பெங்களூரில், இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்வதற்கு முன்பே, ஒரு ஹோட்டல்காரர் தன் வழியில் ஒரு பதில் சொன்னார். பெயர் யக்ஞநாராயண மய்யா. எம்.டி.ஆர். என்று இன்று ரவா இட்லி மிக்ஸ் பாக்கெட்டில் பார்க்கிறோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர்.

பாரம்பள்ளியிலிருந்து வந்த சமையல்காரர்கள்

உடுப்பிக்கு வடக்கே, கோட்டா பக்கத்தில் பாரம்பள்ளி என்று ஒரு கிராமம். அங்கிருந்து மய்யா சகோதரர்கள் மூன்று பேர், பரமேஸ்வரா, கணப்பய்யா, யக்ஞநாராயணா, 1920-ஐ ஒட்டி பெங்களூருக்கு வந்தார்கள். கையில் இருந்த ஒரே முதல் சமையல். ஊரில் வசதியான வீடுகளில் சமையல்காரர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அவர்கள் வந்து இறங்கிய பெங்களூர் ஒரே ஊராக இல்லை. மைசூர் சமஸ்தானத்தின் பேட்டைப் பக்கம் ஒரு நகரசபை. பிரிட்டிஷ்காரர்கள் வைத்திருந்த கண்டோன்மென்ட் பக்கம் இன்னொரு நகராட்சி. நடுவில் கப்பன் பார்க். தமிழர்கள் அதிகம் இருந்தது கண்டோன்மென்ட் பக்கம்தான். லிங்கராஜபுரத்துக்குப் பக்கத்து ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் எல்லாம் அந்த வகையில் வளர்ந்தவை. 1949-ல்தான் இரண்டும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆனது.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்த ஒரு நினைவு, 1898-ல் வந்த ப்ளேக். ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள், ஊரே காலியானது. அதற்குப் பிறகுதான் பசவனகுடி, மல்லேஸ்வரம், ஃப்ரேசர் டவுன் போன்ற அகலத் தெரு குடியிருப்புகள் வந்தன. சுகாதார அதிகாரி என்பவர் வீட்டுக்குள் நுழைந்து பார்க்கலாம், சுண்ணாம்பு அடிக்கச் சொல்லலாம், இடத்தைப் பூட்டலாம் என்கிற அதிகாரம் மக்களுக்குப் பழகியதும் அந்தக் காலத்தில்தான். இன்றைக்கு ஹோட்டலுக்குள் வரும் ஹெல்த் இன்ஸ்பெக்டருக்கு மூதாதை ஒருவர் உண்டென்றால், அது எலியைத் தேடி வந்த ப்ளேக் அதிகாரிதான் என்று சொல்லலாம்.

1924-ல் சகோதரர்கள் லால்பாக் ஃபோர்ட் ரோட்டில் ஒரு சின்ன கடை போட்டார்கள். காபி, இட்லி, அவ்வளவுதான். கடைக்கு வைத்த பெயர் பிராமின் காபி கிளப். சில வருடங்களில் அண்ணன் பரமேஸ்வரா காலமானார். கடைப் பொறுப்பு யக்ஞநாராயணா தலையில் வந்து விழுந்தது. ஊர்க்காரர்களுக்கு அவர் யக்ஞப்பா.

பெயர்ப்பலகையில் இருந்த சுத்தம்

பிராமின் காபி கிளப் என்ற பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பெயர் உறுத்தும், உறுத்தத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் சென்னையிலும் பெங்களூரிலும் இப்படிப் பெயர் வைத்த ஹோட்டல்கள் நிறைய இருந்தன. 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் பலகையில் இருந்த பிராமணாள் என்ற சொல்லை அழிக்கச் சொல்லி பெரியார் மறியல் போராட்டம் நடத்தியது பலருக்குத் தெரிந்த வரலாறு.

அந்தச் சொல் பலகையில் என்ன வேலை செய்தது? சாதியைச் சொன்னது. கூடவே, வாடிக்கையாளருக்கு ஒரு உத்தரவாதமும் கொடுத்தது: இங்கே சமைப்பது இன்னார், ஆகவே இது சுத்தம். அதாவது, யார் தொட்டார்கள் என்பதை வைத்து அளக்கும் சுத்தம். மடி, ஆச்சாரம் என்று சொல்கிறோமே, அது. டைபாய்டு கிருமிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. குளித்து, மடி உடுத்தி, நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிற சமையல்காரரின் கையிலும் அது இருக்கும்.

நியூயார்க்கில் மேரி மல்லன் என்ற சமையல்காரப் பெண்ணின் கதை இதற்குப் பொருத்தமானது. ஆள் நல்ல ஆரோக்கியமாக இருந்தார், ஒரு நாள் காய்ச்சல்கூடத் தெரிந்ததில்லை. ஆனா அவர் வேலை செய்த வீடுகளில் எல்லாம் டைபாய்டு வந்தது. 1907-ல் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். சமைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 1910-ல் விட்டார்கள். 1915-ல் ஒரு பிரசவ மருத்துவமனையின் சமையலறையில் வேறு பெயரில் சமைத்துக்கொண்டிருந்தபோது மறுபடி பிடிபட்டார். அதன்பிறகு 1938-ல் சாகும்வரை தனிமைதான். உணவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு ஒரு தடவை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு வகைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி என்று இன்றைய இந்திய விதிகள் கேட்பதற்குக் காரணம் இதுதான். பார்த்தால் தெரியாது, பெயரைக் கேட்டாலும் தெரியாது.

மய்யாவின் வாழ்க்கையில் முக்கியமான நகர்வு என்று நான் நினைப்பது, யார் தொட்டார் என்ற கேள்வியிலிருந்து எந்தச் சூட்டில் கழுவினார்கள் என்ற கேள்விக்கு அவர் கடை போய்ச் சேர்ந்ததைத்தான். அது ஒரே நாளில் நடக்கவில்லை.

போர் வந்தது, ரவா வந்தது

இரண்டாம் உலகப்போரில் 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசியை நம்பியிருந்த தென்னிந்தியாவில் அரிசித் தட்டுப்பாடு. இட்லிக்கு அரிசி இல்லை. அந்தச் சமயத்தில் ரவையை வைத்து இட்லி செய்து பார்த்ததில் பிறந்ததுதான் ரவா இட்லி என்பது எம்.டி.ஆர். சொல்லும் கதை. முந்திரி, கொத்தமல்லி, கூடவே உருளைக்கிழங்கு சாகு. சாப்பாட்டு வரலாற்றில் மய்யா பெயர் வருவது பெரும்பாலும் இதற்காகத்தான். ஆனால் அவர் செய்ததில் பெரியது இது இல்லை.

1951: ஐரோப்பாவுக்குப் போன ஹோட்டல்காரர்

1951-ல் யக்ஞநாராயணா ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அங்கே உணவகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்க்கப் போனார். வீட்டுச் சமையல்காரராகத் தொடங்கிய ஒருவர், சுதந்திரம் கிடைத்து நாலு வருடத்தில், தன் தொழிலைக் கற்றுக்கொள்ளக் கடல் கடந்து போவது அன்று சாதாரண விஷயம் கிடையாது.

அங்கே அவரைப் பிடித்து நிறுத்தியது சமையல் இல்லை, ஒழுங்கும் சுத்தமும். திரும்பி வந்ததும் கடையில் கப், தட்டு, கரண்டிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

இது ஏன் பெரிய விஷயம் என்று புரிய, அன்றைய காபிக் கடையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் குடித்த டம்ளரை ஒரு அண்டாத் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்குக் காபி ஊற்றுவார்கள். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் வரை அதே தண்ணீர். நூறு வாய் பட்ட டம்ளர்கள் ஒரே அண்டாவில் குளிக்கின்றன. வேகமாக நடக்கிற கடையில்தான் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் டம்ளர் காய்வதற்கு நேரமே கிடையாது. கொதிநீரும் ஆவியும் இந்தச் சங்கிலியை அறுத்துவிடும். அதற்கு விறகு வேண்டும், தனி ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இதெல்லாம் செலவு, காபி விலையை ஏற்ற முடியாத தொழிலில் வருகிற செலவு.

அவரைச் செய்யச் சொல்லி எந்த அதிகாரியும் நோட்டீஸ் கொடுக்கவில்லை. நாடு முழுமைக்கும் பொதுவான உணவுச் சட்டமே அப்போது கிடையாது. மெட்ராஸ் மாகாணத்தில் 1918-லேயே கலப்படத் தடைச் சட்டம் வந்திருந்தது. மற்ற இடங்களில் அங்கங்கே தனித்தனிச் சட்டங்கள். இந்தியா முழுமைக்குமான உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954-ல்தான் வந்தது. அதுவும் பெயரைப் பார்த்தாலே தெரியும், அதன் கவலை கலப்படம். பாலில் தண்ணீரா, மிளகில் பப்பாளி விதையா, நெய்யில் வனஸ்பதியா? மாதிரி எடு, ஆய்வகத்துக்கு அனுப்பு, வழக்குப் போடு. டம்ளர் எப்படிக் கழுவப்பட்டது என்பது அந்தச் சட்டத்தின் மையமாக இல்லை. அது நகராட்சி லைசென்ஸின் நிபந்தனை, ஹெல்த் இன்ஸ்பெக்டரின் பாடு.

சமையலறை வழியாகச் சாப்பிடப் போங்கள்

1960-ல் கடை லால்பாக் ரோட்டில் இப்போது இருக்கும் கட்டடத்துக்கு மாறியது. பெயரும் மாறியது: அந்தப் பகுதியின் பெயரான மாவள்ளியை வைத்து, மாவள்ளி டிஃபன் ரூம்ஸ். பலகையிலிருந்து சாதி போய் ஊர் வந்தது.

புதிய இடத்தில் எம்.டி.ஆர். செய்த ஒரு ஏற்பாடு பற்றி பெங்களூர் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். சாப்பிட வருபவர்கள் போகிற வழி சமையலறையைத் தொட்டுக்கொண்டுதான் போனது. அடுப்பு, அண்டா, மாவு, ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மேசைக்குப் போக வேண்டும்.

இதை விளம்பர உத்தி என்று ஒதுக்கிவிடலாம். ஓரளவுக்கு அது உண்மையும்கூட. ஆனால் கணக்கைப் பாருங்க. ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை வருவார். வருகிற அன்றைக்குத் தரை பளபளக்கும். மீதி நாட்களில் சமையலறைக்கு ஒரே சாட்சி அங்கே சம்பளம் வாங்குகிறவர்தான். மய்யாவின் ஏற்பாட்டில் ஒவ்வொரு வேளையும் நூற்றுக்கணக்கான ஜோடிக் கண்கள் உள்ளே போய் வந்தன. அதுவும், அடுத்த அஞ்சு நிமிஷத்தில் அதே சாப்பாட்டை வாயில் வைக்கப் போகிறவர்களின் கண்கள்.

கண்ணுக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் ஈயைப் பார்ப்பார், அழுக்குத் துணியைப் பார்ப்பார். தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் கோலி பாக்டீரியாவையோ, காலையில் சமைத்து வெளியே வைத்த சிக்கன் கிரேவியில் மதியத்துக்குள் பெருகுவதையோ பார்க்க முடியாது. அதற்கு வெப்பமானி வேண்டும், ஆய்வகம் வேண்டும். நீராவியும் திறந்த கதவும் ஒரே கடையில் இருந்ததுதான் அங்கே விசேஷம். ஒன்று கண்ணுக்குத் தெரியாததைப் பார்த்துக்கொண்டது, மற்றது தெரிவதை.

விலையைச் சோதித்த அரசு

யக்ஞநாராயண மய்யா 1968-ல் காலமானார். நிர்வாகம் அண்ணன் மகன் ஹரிச்சந்திர மய்யாவிடம் போனது. அவர் கட்டியதற்கு வந்த பெரிய சோதனை, அவர் இல்லாத காலத்தில், அரசாங்கத்திடமிருந்தே வந்தது.

1975-ல் நெருக்கடி நிலை. உணவகங்களில் பண்டங்களை இவ்வளவுக்குத்தான் விற்க வேண்டும் என்று விலைக் கட்டுப்பாடு வந்தது. அந்த விலையில் நல்ல நெய்யும் போட முடியாது, நீராவிக்கும் செலவு செய்ய முடியாது. எம்.டி.ஆர். தரத்தைக் குறைக்காமல் சில நாட்கள் நஷ்டத்தில் ஓட்டியது. அன்றன்றைய நஷ்டக் கணக்கைப் பலகையில் எழுதி வெளியே வைத்தார்கள். பிறகு உணவகத்தை மூடிவிட்டார்கள்.

வேலை செய்தவர்களை வீட்டுக்கு அனுப்பாமல் இருக்க, ரவா இட்லி மாதிரியான பண்டங்களின் மிக்ஸ், மசாலாப் பொடி என்று பாக்கெட்டில் அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். அதுதான் பிறகு பெரிய வியாபாரமாகி, 2007-ல் நார்வேயின் ஓர்க்லா நிறுவனத்துக்குக் கைமாறியது. உணவகம் 1984-ல் மறுபடி திறந்தது. அது இன்றும் மய்யா குடும்பத்திடம் இருக்கிறது.

இந்த அத்தியாயத்தை வாழ்க்கைக் குறிப்புகளில் வழக்கமாக நஷ்டத்தை லாபமாக்கிய வெற்றிக்கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அரசு ஒரு ஹோட்டலுக்குள் வந்து எதை அளக்கிறது என்பதைப் பொறுத்து ஹோட்டல்காரர்கள் மாறுவார்கள். விலையை மட்டும் அளந்தால், கண்ணுக்குத் தெரியாத செலவுகளைத்தான் முதலில் வெட்டுவார்கள். நல்ல தண்ணீர், கழுவும் ஆள், புது எண்ணெய். இட்லித் துணியை விட்டு பிளாஸ்டிக் தாளுக்குப் போவதும் அதே கணக்குதான். துணியைத் தினமும் கொதிக்க வைத்துத் துவைக்க வேண்டும். பிளாஸ்டிக்கை உருவிப் போட்டால் வேலை முடிந்தது.

சரி, இன்று லிங்கராஜபுரத்தில் யார் பார்க்கிறார்கள்?

இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்று, மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு. வியாபார உரிமம், குப்பை, சாக்கடை, தெருவோர இடம் எல்லாம் அவர்கள் பக்கம். பி.பி.எம்.பி. இருந்த இடத்தில் 2025 செப்டம்பரிலிருந்து கிரேட்டர் பெங்களூரு ஆணையமும் அதன் கீழ் ஐந்து மாநகராட்சிகளும் வந்துவிட்டன.

இன்னொன்று, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம். 2006-ல் நிறைவேறி, 2011 ஆகஸ்ட் 5-ல் நடைமுறைக்கு வந்தது. மய்யா காலத்துக் கலப்படச் சட்டத்தின் இடத்தை இது எடுத்துக்கொண்டது. இதன்படி தள்ளுவண்டிக்காரர்கூடப் பதிவு செய்ய வேண்டும், பெரிய கடைகள் லைசென்ஸ் எடுக்க வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கொடுக்கும் 14 இலக்க எண்ணைக் கடையில் பார்வையில் வைக்க வேண்டும், பில்லிலும் போட வேண்டும்.

களத்துக்கு வருபவர் உணவுப் பாதுகாப்பு அதிகாரி. முன்கூட்டிச் சொல்லாமல் நுழையலாம். கையில் இருப்பது நான்காம் அட்டவணை என்று சொல்லப்படும் சுகாதார நிபந்தனைகள். குடிக்கத் தகுந்த தண்ணீர் என்பதற்கு ஆய்வக அறிக்கை இருக்கிறதா? பச்சை இறைச்சியும் சமைத்த உணவும் தனித்தனியா? குளிர்பெட்டி 5 டிகிரிக்குக் கீழேயா? சூடாகப் பரிமாறுவது 60 டிகிரிக்கு மேலே நிற்கிறதா? ஆட்களின் மருத்துவச் சான்றிதழ் எங்கே, பூச்சி மருந்து அடித்த பதிவு எங்கே? வறுத்த எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2018-லிருந்து உள்ள விதி. அதை அளக்கக் கையடக்கக் கருவி உண்டு.

குறை இருந்தால் முதலில் வருவது மேம்பாட்டு நோட்டீஸ். என்ன தப்பு, எப்படிச் சரிசெய்வது என்று எழுதி, 14 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுக்க வேண்டும். சரிசெய்யாவிட்டால் லைசென்ஸ் நிறுத்தம், அதற்கும் மசியாவிட்டால் ரத்து. சுகாதாரமற்ற முறையில் தயாரித்ததற்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதை விதிப்பது வந்து பார்த்த அதிகாரி இல்லை. கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் தகுதிக்குக் குறையாத தீர்ப்பு அதிகாரி. சோதிக்க வந்த அதிகாரியின் கையிலேயே ஸ்பாட்டில் பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அபராதம் விதிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை என்பதைக் கடைக்காரர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. காரணமில்லாமல் தொல்லை கொடுக்கும் அதிகாரிக்கும் 1 லட்சம் வரை அபராதம் உண்டு, 39-வது பிரிவில்.

மாதிரி எடுப்பதற்குத் தனி முறை. அதிகாரி பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டும். நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு, அவர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். இரண்டு பங்கு மேலதிகாரியிடம் பத்திரமாக இருக்கும். நான்காவது பங்கை, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். முடிவை ஏற்காதவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு போகலாம்.

சாயம், கலப்படம் விஷயத்தில் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. 2024 மார்ச்சில் கர்நாடகா கோபி மஞ்சூரியன் மாதிரிகள் 171 எடுத்தது. 107-ல் பாதுகாப்பற்ற செயற்கை நிறமிகள் இருந்தன. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி. கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறமி, பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி இரண்டும் தடை ஆயின. கம்மனஹள்ளியிலிருந்து லிங்கராஜபுரம் வரை சாயங்கால வண்டிகளில் கோபி கொஞ்சம் வெளுத்துப்போனதன் காரணம் அதுதான். ஆனால் நேற்றுச் சமைத்த கிரேவியைப் பிடிக்க 14 நாள் அறிக்கை உதவாது. அறிக்கை வரும்போது கிரேவியும் இருக்காது, சாப்பிட்டவருக்கு வயிறும் சரியாகியிருக்கும். அங்கே வேண்டியது அடிக்கடி போய்ப் பார்க்கிற கண். மய்யா தன் வாடிக்கையாளர்களிடம் ஒப்படைத்தது அந்த வேலையைத்தான்.

கதவு இல்லாத சமையலறைகள்

எம்.டி.ஆரில் வாடிக்கையாளர் சமையலறையைக் கடந்து போனார். இன்று நாம் சமையலறையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறோம். ஆப்பில் படம் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது. அந்த நட்சத்திரம் ருசிக்கும் டெலிவரி வேகத்துக்கும் கொடுத்தது. கழுவுதொட்டிக்குக் கொடுத்தது இல்லை.

வெளிநாட்டில் சில ஊர்கள் இந்த இடைவெளியை வேறு மாதிரி அடைத்தன. லாஸ் ஏஞ்சலிஸில் 1997 கடைசியில் ஒரு தொலைக்காட்சி ஒளிவுக் கேமரா வைத்து ஹோட்டல் சமையலறைகளைக் காட்டியது. ஊர் கொந்தளித்தது. 1998 ஜனவரியிலிருந்து சோதனையில் கிடைத்த மதிப்பெண்ணை ஏ, பி, சி என்று வாசலில் ஒட்ட வைத்தார்கள். அதனால் நோய் எவ்வளவு குறைந்தது என்று பொருளாதார அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வேல்ஸில் 2013-லிருந்து 0 முதல் 5 வரையிலான மதிப்பீட்டை வாசலில் வைப்பது சட்டப்படி கட்டாயம். பூஜ்ஜியம் வாங்கினால் பூஜ்ஜியத்தை ஒட்ட வேண்டும்!

இந்தியாவிலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் சுகாதார மதிப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. விருப்பம் இருப்பவர்கள் சேரலாம் என்ற அளவில் இருக்கிறது. நல்ல மதிப்பெண் வரும் என்று தெரிந்தவர்தானே விரும்பி வருவார்?

சட்டம் சாப்பிடுகிறவர் கையில் கொடுத்திருக்கும் ஒரு கருவி மட்டும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது. 40-வது பிரிவு. எந்த உணவை வாங்கியவரும், கட்டணம் கட்டி, அதை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும், அது நிபந்தனை. உணவு விதிகளை மீறியது என்று அறிக்கை வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கையின் மீது அதிகாரி நடவடிக்கை எடுக்க வேண்டும். புகாருக்கு ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியும் இருக்கிறது. ஆப்பில் ஆர்டர் போட்ட கடையின் பக்கத்தில் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் 14 இலக்க எண்ணும், பில்லும், படமும் இருந்தால் புகார் நிற்கும்.